உதுமானியக் குடும்பத்தில் கல்யாணம் யாருக்கு நடந்தது?

துருக்கித் தொடர் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்துவிட்டு நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். உதுமானிய சுல்தான்கள் முறைப்படி யாரையும் மணக்கவில்லை என்கிறார்களே, அப்படியானால் 16ஆம் நூற்றாண்டு சுல்தான் சுலைமானுக்கு ஹுர்ரம் என்ற அடிமைப் பெண் மட்டும் எப்படி மனைவி ஆனார்? தொடரில் வருகிற கொலை, சூழ்ச்சி, கள்ளக்காதல் எல்லாம் எவ்வளவு உண்மை? ஐதராபாத் நிஜாம் வீட்டுக்கு மருமகளாக வந்த நிலூஃபர் இந்தக் குடும்பத்துப் பெண்தானா? மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அடியில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அறுநூறு வருஷம் ஆண்ட ஒரு குடும்பத்தில் கல்யாணம் யாருக்கு நடந்தது, எதற்காக நடந்தது? அதைச் சொன்னால் மற்றவற்றுக்கும் பதில் வந்துவிடும்.

கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் மேற்காசிய வரலாறு நடத்தியிருக்கிறேன். இன்றைய துருக்கி மொழியில் அச்சான நூல்களைப் படிப்பேன். அரபு எழுத்தில் இருக்கும் பழைய அரண்மனை ஆவணங்களை நேரடியாகப் படிக்கும் பயிற்சி எனக்குக் கிடையாது. அவற்றைப் படித்துப் பதிப்பித்தவர்களின் உழைப்பை நம்பித்தான் பேசுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப்புரத்துக்குள் வெளியாண்கள் போக முடியாது. வெனிஸ் தூதர்கள் ஊருக்கு எழுதி அனுப்பிய அந்தப்புரக் கதைகள், உள்ளே நகையும் துணியும் விற்கப்போன பெண்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டுத் தெரிந்தவை. சில மிகச் சரியாக இருக்கும், சில வெறும் கடைத்தெருப் பேச்சு. அரண்மனைக் கணக்கு, வக்ஃபு பத்திரம், கைப்பட எழுதிய கடிதம் இவற்றோடு ஒத்துப்போகும் கதையைத்தான் நான் உறுதி என்பேன்.

முதல் நூற்றைம்பது வருஷம் சுல்தான்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். இதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது ஆட்சியாளரான ஓர்ஹான் 1346இல் பைசாந்தியப் பேரரசர் ஆறாம் ஜான் கந்தகூசினோஸின் மகள் தியோடோராவை மணந்தார். 1389 கொசோவோப் போரில் செர்பிய இளவரசர் லாசர் கொல்லப்பட்ட பிறகு, அவர் மகள் ஒலிவெரா முதலாம் பாயெசீதுக்கு மனைவியானார். இரண்டாம் முராத் செர்பியாவின் மாரா பிராங்கோவிச்சை மணந்தார். 1451இல் முராத் இறந்ததும், குழந்தை இல்லாத மாரா பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மதுக்கும் இளவரசராக இருந்தபோது அனதோலியாவின் துல்காதிர் அரச வீட்டிலிருந்து பெண் எடுத்தார்கள். எல்லாமே எல்லைக் கணக்கு. பெண் கொடுத்த நாட்டோடு சண்டை கொஞ்ச காலம் தள்ளிப்போகும். கவனித்தால் ஒன்று தெரியும்: இந்தப் பெரிய இடத்து மனைவிகளுக்குப் பிறந்த பிள்ளைகள் அரியணை ஏறுவது மிக அபூர்வம். அடுத்த சுல்தானின் தாய் பெரும்பாலும் ஓர் அடிமைப் பெண்ணாகத்தான் இருப்பார்.

பிறகு ஏன் நிறுத்தினார்கள்? இதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1402இல் அங்காராப் போரில் மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த தைமூர் பாயெசீதைச் சிறைபிடித்தார், ஒலிவெராவும் சிக்கினார், அவரைத் தைமூர் விருந்தில் அவமானப்படுத்தினார், அந்த அவமானம் தாங்காமல்தான் சுல்தான்கள் இனி மனைவியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் என்பது அந்தக் கதை. சுலைமான் காலத்தில் இஸ்தான்புல்லில் இருந்த, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் தூதர் புஸ்பெக்கூட இதை எழுதியிருக்கிறார். ஒலிவெரா சிறைப்பட்டது உண்மை. மற்றது நிற்காது. மேலே சொன்ன வருஷங்களைப் பாருங்கள்: 1402க்குப் பிறகும் ஐம்பது வருஷம் அரச குடும்பத்துப் பெண்களை மணந்துகொண்டுதான் இருந்தார்கள். நிறுத்தியது அவமானம் இல்லை, வளர்ச்சி. சம்பந்தம் பேச எதிரில் சமமான ஒரு வீடு வேண்டும். பைசாந்தியம், செர்பியா, அனதோலியச் சிற்றரசுகள் என்று பெண் எடுத்த வீடுகளை எல்லாம் பேரரசு விழுங்கிய பிறகு சமமான வீடு மிஞ்சவில்லை.

அப்புறம் வந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு சட்ட விவரம் அவசியம். இஸ்லாமியச் சட்டத்தில், எஜமானர் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டால், அடிமைப் பெண்ணின் குழந்தையும் மனைவியின் குழந்தையும் ஒன்றுதான். வாரிசுரிமையில் வித்தியாசமே கிடையாது. ஆகவே வாரிசுக்காகக் கல்யாணம் தேவைப்படவில்லை. மனைவி என்று ஒருத்தி வந்தால் அவளுக்கு மஹர் (மணமகன் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய தொகை), சொத்துரிமை, எல்லாவற்றுக்கும் மேலாக மாமனார், மைத்துனன் என்று ஒரு கூட்டம் வரும். ஊரிலிருந்து பிடித்து விற்கப்பட்ட பெண்ணுக்கு அது எதுவும் இல்லை. அதோடு ஒரு மகன் பிறந்துவிட்டால் அந்தப் பெண் மறுபடி சுல்தானின் படுக்கைக்குப் போகக் கூடாது என்ற வழக்கம். மகன் வளர்ந்து மனிசாவுக்கோ அமாஸ்யாவுக்கோ ஆளுநராகப் போகும்போது தாயும் உடன் போவார். ஒரு தாய், ஒரு மகன், ஓர் அணி. அண்ணன் தம்பிகளில் ஒருவன் சுல்தானானதும் மற்றவர்கள் சாக வேண்டும் என்ற விதி இருந்த வீட்டில், தன் பிள்ளையை உயிரோடு வைத்திருப்பதுதான் அந்தத் தாயின் முழுநேர வேலை. 1595இல் மூன்றாம் மெஹ்மத் பதவியேற்ற நாளில் அவருடைய தம்பிகள் பத்தொன்பது பேர் கொல்லப்பட்டார்கள். தொடரில் பெண்களின் பொறாமையாகக் காட்டுவதை எல்லாம் இந்தக் கணக்கை நினைவில் வைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் ஹுர்ரம் வருகிறார். உறுதியாகத் தெரிந்தவை: இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்திலிருந்து பிடித்து வரப்பட்டவர், 1521இல் மெஹ்மத் என்ற மகனைப் பெற்ற பிறகும் சுலைமான் அவரை விடவில்லை, மொத்தம் ஐந்து மகன்கள், மிஹ்ரிமா என்ற ஒரு மகள். ஒரு தாய்க்கு ஒரு மகன் என்ற வழக்கம் அங்கேயே உடைந்துவிட்டது. 1530களின் நடுவில் சுலைமான் அவரை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து நிக்காஹ் செய்துகொண்டார். ஜெனோவாவின் செயின்ட் ஜார்ஜ் வங்கிக்கு அனுப்பப்பட்ட கடிதம் ஒன்று, சுல்தான்களின் வரலாற்றிலேயே நடக்காத ஒன்று நடந்துவிட்டது என்று அந்த விருந்தை வர்ணிக்கிறது. போர்க்களத்தில் இருந்த சுலைமானுக்கு ஹுர்ரம் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஆரம்பக் கடிதங்களை வேறு யாரோ எழுதிக் கொடுத்தது போன்ற பண்டித நடை இருக்கும், போகப்போக அவருடைய சொந்தக் குரல் கேட்கும். பிள்ளைகளின் உடல்நலம், ஊர் நிலவரம், பிரிவு. அவற்றைப் படித்த யாருக்கும் அவர் வெறும் சூனியக்காரியாகத் தெரிய மாட்டார்.

அவருடைய இயற்பெயர் அலெக்ஸாண்ட்ரா அல்லது அனஸ்தாசியா லிசோவ்ஸ்கா, பாதிரியார் மகள் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்த செவிவழிச் செய்தி. அதைவிட முக்கியமான சந்தேகம் முஸ்தஃபா விஷயத்தில். சுலைமானின் இன்னொரு துணைவியான மஹிதெவ்ரானின் மகன் முஸ்தஃபா 1553 அக்டோபரில், பாரசீகப் படையெடுப்பின் நடுவே, கொன்யா எரெக்லி அருகே தந்தையின் கூடாரத்துக்கு வரவழைக்கப்பட்டுக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். இது உறுதி. படைவீரர்கள் கொதித்ததும், ஹுர்ரமின் மாப்பிள்ளையான தலைமை வஜீர் (முதன்மை அமைச்சர்) ருஸ்தம் பாஷா பதவியிழந்து இரண்டே வருஷத்தில் திரும்ப வந்ததும் உறுதி. முஸ்தஃபாவின் முத்திரையைத் திருடிப் பாரசீக ஷாவுக்குப் பொய்க் கடிதம் எழுதினார்கள் என்பது அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிய பேச்சு. தஷ்லிஜாலி யஹ்யா என்ற கவிஞர் அந்தச் சூழ்ச்சியைத் தன் இரங்கற்பாவில் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். ஹுர்ரமே திட்டமிட்டார் என்பதற்கு ஆவணச் சான்று இல்லை. அவருக்குக் காரணம் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். முஸ்தஃபா சுல்தானாகியிருந்தால் ஹுர்ரமின் மகன்கள் செத்திருப்பார்கள். ஆனால் வயதான தந்தைக்கு, படை விரும்புகிற முப்பத்தெட்டு வயது மகனைக் கண்டு பயப்பட யாருடைய தூண்டுதலும் தேவையில்லை. சுலைமானின் சொந்தத் தந்தை செலீம், தன் தந்தையைப் பதவியிறக்கித்தான் சுல்தானானார்.

தொடர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது மஹிதெவ்ரானின் பின்வாழ்க்கையை. மகன் போன பிறகு அவர் பர்சா நகரத்தில் வறுமையில் வாழ்ந்தார். மகனுக்கு ஒரு கல்லறை மண்டபம் கட்டக்கூடக் கையில் பணமில்லை. பிறகு ஹுர்ரமின் மகன் இரண்டாம் செலீம்தான் அதைக் கட்டிக் கொடுத்தார். செலீமின் கையும் சுத்தமில்லை. 1559இல் கொன்யா அருகே சொந்தத் தம்பி பாயெசீதோடு போரிட்டு வென்றார். பாயெசீது பாரசீகத்துக்குத் தப்பி ஓட, பேரம் பேசிப் பணம் கொடுத்து, 1561இல் அவரையும் அவருடைய நான்கு மகன்களையும் அங்கேயே கொல்ல ஏற்பாடானது. இருவரும் ஹுர்ரமின் பிள்ளைகள். அம்மா 1558இலேயே இறந்துவிட்டதால் இதைப் பார்க்கவில்லை. மஹிதெவ்ரான் 1581 வரை இருந்தார். எல்லோரையும் விட நீண்ட நாள்.

தொடரில் உங்களுக்கு மிகவும் பிடித்ததாக எழுதியிருந்த சுலைமானின் தலைமை வஜீர் இப்ராஹிம் பாஷா, சுலைமானின் தங்கை ஹதீஜா சுல்தான் காதல் பற்றி ஒரு திருத்தம். (இளவரசிகளின் பெயருக்குப் பின்னும் சுல்தான் என்ற பட்டம் வரும்.) 1524இல் குதிரைப் பந்தயத் திடலில் இப்ராஹிமுக்குப் பிரமாண்டமாகக் கல்யாணம் நடந்தது நிஜம். மணப்பெண் சுல்தானின் தங்கை என்று ரொம்ப காலம் எழுதினார்கள், நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பின்னர் வந்த ஆய்வுகள் அவர் மனைவி முஹ்சினே என்ற பெண் என்று காட்டுகின்றன. ஹதீஜாவோடு நடந்த கல்யாணத்துக்கு அந்தக் காலத்துச் சான்று பலவீனமானது. 1536 மார்ச்சில் இப்ராஹிம் அரண்மனையிலேயே கொல்லப்பட்டதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

இதுவரை சொன்னது சுல்தான்களைப் பற்றி. என் அனுபவத்தில், இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிற எல்லோரும் சுல்தானின் படுக்கையறையில் நின்றுவிடுகிறார்கள். கல்யாணம் என்ற ஒன்று தொடர்ந்து, சட்டப்படி, விருந்தோடும் ஊர்வலத்தோடும் நடந்தது அவர்களுடைய மகள்களுக்குத்தான். வேறு நாட்டு அரசருக்குப் பெண் கொடுத்தால் அவர் மகன் நாளை உரிமை கேட்பான். அதனால் 15ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து இளவரசிகளை வஜீர்களுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பலர் சிறு வயதில் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பிடித்து வரப்பட்டு, மதம் மாற்றி, அரண்மனையில் வளர்க்கப்பட்ட சுல்தானின் ஊழியர்கள். தாமாத் என்றால் மாப்பிள்ளை. இந்த மாப்பிள்ளை முன்பே கட்டிய மனைவியை விலக்க வேண்டும், இனி யாரையும் சேர்க்கக் கூடாது. சுல்தான் சம்மதித்தால் இளவரசியே விவாகரத்து கேட்கலாம். மாப்பிள்ளை மேல் கோபம் வந்து தலையை எடுத்தால் அவர் சேர்த்த சொத்து கஜானாவுக்குத் திரும்பும். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்பார்களே, அதில் உயிர்ப்பயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பெரிய விவாகரத்து சுலைமானின் தங்கை ஷா சுல்தானுடையது. கணவர் லுத்ஃபி பாஷா 1539இலிருந்து தலைமை வஜீர். விபசாரக் குற்றம் சுமத்தப்பட்ட ஒரு பெண்ணின் உடலைச் சிதைக்கும்படி அவர் தண்டனை கொடுத்ததாகவும், ஷா சுல்தான் அதைக் கேட்டுக் கொதித்துக் கண்டித்ததாகவும், இனியும் இப்படித்தான் செய்வேன் என்று சொல்லி அவர் மனைவியை அடித்ததாகவும், ஷா சுல்தான் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு அவரை மடக்கியதாகவும் அந்தக் காலத்து வரலாறுகள் சொல்கின்றன. 1541இல் சுலைமான் லுத்ஃபியைப் பதவியிலிருந்து நீக்கினார், கல்யாணமும் முறிந்தது. லுத்ஃபி தன் பண்ணைக்குப் போய் நூல்கள் எழுதினார். பெண்களின் தொல்லையிலிருந்து விலகி நிம்மதியாக இருப்பதற்காக நானே பதவியை விட்டேன் என்பது அவர் தரப்பு. அடித்த விவரம் ஒவ்வொன்றும் அப்படியே நடந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஒரு பெண்ணின் பேச்சால் தலைமை வஜீர் வீட்டுக்குப் போனது மட்டும் உறுதி.

ஆனால் இதை வைத்து இளவரசிகளுக்கு ஏகப்பட்ட சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். முதலாம் அஹ்மதின் மகள் ஆயிஷாவை 1612இல், ஏழு வயதை ஒட்டிய சிறுமியாக இருந்தபோது, நசூஹ் பாஷாவுக்குக் கட்டிவைத்தார்கள். இரண்டே வருஷத்தில் தந்தையின் உத்தரவில் நசூஹ் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக, கிழவியாகும் வரை அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்துகொண்டே இருந்தது. சடங்கு மட்டும் நடக்கும், பெண் வளரும் வரை கணவன் வீட்டுக்குப் போவதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் வரிசையாக விதவையாவது விதவையாவதுதான்.

என்னை மிகவும் பாதித்தது கயா சுல்தானின் கதை. நான்காம் முராதின் மகள். 1644இல், பதினோரு வயதில், நாற்பதைத் தொட்ட மெலெக் அஹ்மத் பாஷாவுக்குக் கட்டிவைத்தார்கள். மெலெக்கின் உறவினரும் ஊழியருமாக இருந்த எவ்லியா செலபி என்ற பயணி அந்த வீட்டுக்குள் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார், அதனால்தான் நமக்குத் தெரிகிறது. பிரசவத்தில் சாவாய் என்று சிறு வயதில் யாரோ சொன்ன குறியால் கயா கணவரை நெருங்கவே விடாமல் பயந்திருந்தார் என்கிறார் அவர். பிறகு இருவருக்கும் இடையே மெய்யான அன்பு வளர்ந்தது. கணவரின் அரசியல் செலவுக்குத் தன் பணத்தை அள்ளிக் கொடுக்கும் அளவுக்கு. 1659இல் குறி சொன்னது போலவே ஒரு பெண் குழந்தையைப் பெற்றுச் சில நாளில் கயா இறந்தார். இருபத்தாறு வயதுதான். மெலெக் சவப்பெட்டி மேல் விழுந்து அழுதார். தலைமை வஜீர் கொப்ருலு மெஹ்மத், வெட்கமாக இல்லையா, உனக்கு வேறொரு சுல்தானை, அதாவது இளவரசியை, கட்டிவைக்கிறேன் என்றாராம். அப்படியே முதலாம் அஹ்மதின் வயதான மகள் ஃபாத்மாவைக் கட்டிவைத்தார்கள். அந்த வீட்டுச் செலவு தாங்காமல் மெலெக் ஒடிந்துபோனார், 1662இல் இறந்தார். எவ்லியா மிகைப்படுத்தி எழுதுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். எண்களில் அவரை நம்ப மாட்டேன். இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் துக்கத்தை நம்புகிறேன்.

இளவரசிகளுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைத் தொப்புள்கொடி கட்டாமல் சாகவிட்டார்கள் என்ற ஒரு கொடூரமான செய்தி இணையத்தில் சுற்றுகிறது, நீங்களும் கேட்டிருந்தீர்கள். அது பொது விதியாக இருந்ததில்லை. இரண்டாம் செலீமின் மகள் இஸ்மிஹானுக்கும் சோகொல்லு மெஹ்மத் பாஷாவுக்கும் பிறந்த இப்ராஹிம் கான் உயிரோடு வளர்ந்து, அவருடைய பரம்பரையே ஒரு பெயரோடு பல தலைமுறை இஸ்தான்புல்லில் வாழ்ந்தது. அதே போல, கயாவின் சித்தப்பாவான இப்ராஹிம் சுல்தான் 280 பெண்களைச் சாக்கில் கட்டிக் கடலில் எறிந்தார் என்பதும் உறுதியான சான்று இல்லாத கதை. அவர் தன் சகோதரிகளையும் கயாவையும் தன் ஆசைநாயகிகளுக்குப் பணிவிடை செய்யச் சொல்லி அவமானப்படுத்தியதையும், 1648இல் பதவியிழந்து பத்து நாளில் கொல்லப்பட்டதையும் நம்பலாம். இன்னொன்று, நெப்போலியனின் மனைவி ஜோசபினுக்கு உறவான எய்மே என்ற பிரெஞ்சுப் பெண் கடலில் காணாமல் போய் இரண்டாம் மஹ்மூதின் தாயானாள் என்ற கதை. மஹ்மூத் பிறந்தது 1785. அந்தப் பெண் காணாமல் போனது அதற்கு மூன்று வருஷம் கழித்து. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கள்ளக்காதல் பற்றிக் கேட்டீர்கள். எல்லோருக்கும் தெரிந்து, அரண்மனையே ஆட்டம் கண்ட ஒன்று 1904இல் நடந்தது. அதைச் சொல்ல 1876க்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஐந்தாம் முராத் 93 நாள் மட்டும் சுல்தானாக இருந்தார். மனநிலை சரியில்லை என்று இறக்கிவிட்டு, தம்பி இரண்டாம் அப்துல் ஹமீது ஏறினார். முராதும் குடும்பமும் பாஸ்பரஸ் கரையில் இருக்கும் சிராகான் அரண்மனையில் 28 வருஷம் அடைபட்டுக் கிடந்தார்கள். முராதின் மகள் ஹதீஜா உள்ளே போகும்போது ஆறு வயது. வெளியே வரும்போது முப்பதைத் தாண்டிவிட்டது. 1901இல் சித்தப்பா அப்துல் ஹமீது அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார். இனி பெற்றோரைப் பார்க்கச் சிராகானுக்குத் திரும்பக் கூடாது என்பது நிபந்தனை. மாப்பிள்ளை அலி வாசிஃப் சாதாரண நிலையில் இருந்தவர், ஹதீஜாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அப்துல் ஹமீதின் சொந்த மகள் நயீமேவுக்கோ, பிளெவ்னா முற்றுகையில் புகழ்பெற்ற காஜி உஸ்மான் பாஷாவின் மகன் கமாலுத்தீன் பாஷா மாப்பிள்ளை. அழகான, நல்ல குடும்பத்து ஆள். சித்தப்பா பெரியப்பா மகள்களான இந்த இருவருக்கும் பாஸ்பரஸின் ஓர்தாகோய் கரையில் பக்கத்துப் பக்கத்து மாளிகை. நடுவில் தோட்டச் சுவர் ஒன்றுதான்.

அந்தச் சுவர் வழியாக ஹதீஜாவுக்கும் கமாலுத்தீனுக்கும் கடிதங்கள் போய்வந்தன. 1904இல் அந்தக் கடிதங்கள் அப்துல் ஹமீதின் கைக்குப் போய்விட்டன. நயீமேவின் கல்யாணம் முறிக்கப்பட்டது. கமாலுத்தீனின் பட்டம் பதவி எல்லாம் பறிக்கப்பட்டு பர்சாவுக்கு நாடுகடத்தப்பட்டார். இவ்வளவும் உறுதி. தந்தைக்கு நேர்ந்ததற்குப் பழிவாங்க, அப்துல் ஹமீதின் மகள் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும் என்றே ஹதீஜா மயக்கினார், கடிதங்கள் சுல்தானிடம் போனதும் அவர் திட்டம்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நயீமேவுக்கு மெல்லக் கொல்லும் விஷம் கொடுத்தார்கள் என்று இன்னொரு பேச்சு. விஷத்தை நான் நம்பவில்லை. பழிவாங்கல் கதை கேட்க அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். பதின்மூன்று வயது, இருபது வயது, முப்பது வயது எல்லாம் ஒரே தோட்டத்துக்குள் கழிந்த ஒரு பெண்ணுக்கு, முதல்முறையாக ஒருவன் கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பழிவாங்கல் அவசியமா? அதே வருஷம் ஆகஸ்டில் முராத் இறந்தார். செய்தி கேட்ட அதிர்ச்சியில் என்பார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 1908 புரட்சிக்குப் பிறகு ஹதீஜா அலி வாசிஃபிடமிருந்து விடுபட்டார். ஊர் திரும்பிய கமாலுத்தீனை அவர் மணக்கவில்லை. 1909இல் தானாகத் தேர்ந்தெடுத்து ரவூஃப் ஹைருத்தீன் என்ற இளைஞரை மணந்தார். அதுவும் 1918இல் முறிந்தது.

இன்னொரு விசித்திரம். இஸ்லாத்தில் சித்தப்பா மகளை மணப்பது அனுமதிக்கப்பட்டது, அரச குடும்பங்கள் பலவும் அதைச் செய்தன. உதுமானியர்கள் மட்டும் அறுநூறு வருஷம் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. கல்யாணம் மகளுக்கு, அதுவும் வெளியாளுக்கு என்ற ஏற்பாட்டின் நேர் விளைவு அது. அதை உடைத்தது 1920இல் நடந்த கல்யாணம். கடைசி சுல்தான் வஹிதுத்தீனின் மகள் சபிஹாவை, பின்னால் கடைசி கலீஃபா ஆன அப்துல் மஜீதின் மகன் ஓமர் ஃபாரூக் மணந்தார். பங்காளி வீட்டுப் பெண். முதியவர்கள் முகம் சுளித்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். 1948இல், எகிப்தில் நாடற்றவர்களாக இருந்தபோது, இருவரும் பிரிந்தார்கள். ஓமர் ஃபாரூக் அடுத்து மணந்ததும் இதே குடும்பத்து இளவரசியைத்தான், அதுவும் நிலைக்கவில்லை.

சுல்தான் பதவி 1922இல் போயிற்று, கலீஃபா பதவி 1924 மார்ச் 3இல். ஒட்டுமொத்தக் குடும்பத்தையும் சில நாளில் நாட்டைவிட்டு அனுப்பினார்கள். பெண்கள் 1952 வரை, ஆண்கள் 1974 வரை திரும்ப முடியவில்லை. ஹதீஜா பெய்ரூட்டில் வறுமையில் வாழ்ந்து 1938இல் இறந்தார். அவர் மகள் செல்மாவை அவத் பகுதியின் கோட்வாரா அரசருக்குக் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் கையில் மிஞ்சியிருந்தது பெயர் ஒன்றுதான், அந்தப் பெயருக்கு விலை கொடுக்க இந்திய சமஸ்தானங்கள் தயாராக இருந்தன.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஆமாம், நிலூஃபர் இந்தக் குடும்பம்தான். ஐந்தாம் முராதின் பேத்தி ஆதிலேவின் மகள். அதாவது தோட்டச் சுவர் ஹதீஜா, நிலூஃபரின் தாய்க்கு அத்தை. 1931 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் இரண்டு கல்யாணம் ஒன்றாக நடந்தது. கலீஃபா அப்துல் மஜீதின் ஒரே மகள் துர்ருஷெவாருக்கு நிஜாமின் மூத்த மகன் ஆசம் ஜா, நிலூஃபருக்கு இளைய மகன் மொஅசம் ஜா. துர்ருஷெவாருக்குக் கேட்ட மஹர் தொகை நிஜாமுக்கு அதிகமாகத் தெரிந்ததால், அதே தொகைக்கு இரண்டு பெண் என்று பேசி முடித்தார்கள் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். இரண்டு கல்யாணமும் கடைசியில் முறிந்தன. துர்ருஷெவாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் முகர்ரம் ஜாவைத்தான் நிஜாம் தன் வாரிசாக்கினார். நிலூஃபருக்குக் குழந்தை இல்லை, மொஅசம் ஜா 1948இல் இன்னொரு மனைவியைக் கொண்டுவந்தார், 1952இல் விவாகரத்து. இதற்கிடையில் நிலூஃபரிடம் வேலை செய்த பெண் ஒருத்தி பிரசவத்தில் சரியான மருத்துவம் கிடைக்காமல் இறந்துபோனாள். இன்னொருத்திக்கு இப்படி நடக்கக் கூடாது என்று சொல்லி அவர் மாமனாரிடம் கேட்டு வாங்கியதுதான் ஐதராபாத்தில் தாய்க்கும் சேய்க்குமான நிலூஃபர் மருத்துவமனை. அங்கே இன்றைக்கும் குழந்தைகள் பிறக்கிறார்கள்.